செந்நாய்க்கு விலை வைத்தவர்கள்

மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு

சென்ற ஆகஸ்டுத் திங்களில் நம் கல்லூரித் தமிழ் மன்றம் நடத்திய பட்டிமன்றம் வாசக நண்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். ‘ஊருக்குள் வரும் கொடுவிலங்கைக் கொல்லும் உரிமை உழவனுக்கு வேண்டுமா, வேண்டாமா?’ என்பது பொருள். நான் பழனிமலையிலிருந்து வருகிறவன் என்ற ஒரே தகுதியைக் கொண்டு என்னை ‘வேண்டும்’ அணிக்குத் தலைவனாக்கினார்கள். நானும் விட்டேனில்லை. “பட்டணத்தாருக்குப் புலி என்றால் படம், எங்களுக்குப் புலி என்றால் பயம்!” என்று நான் முழங்கியபோது பின்வரிசை நண்பர்கள் பெஞ்சைத் தட்டிய ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. இரண்டாம் பரிசும் கிடைத்தது.

மன்றம் முடிந்து படியிறங்கும்போது விலங்கியல் துறைப் பேராசிரியர் ஒருவர் என் தோளைத் தொட்டு, “நல்லாப் பேசினே தம்பி. சரி, துப்பாக்கி கொடுத்தாச்சு. எதைச் சுடுவே?” என்றார்.

“சிறுத்தையை ஐயா.”

“எந்தச் சிறுத்தையை?”

எனக்கு விடை வரவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. கைதட்டல் வாங்கிய பேச்சை அதே மாணவன் மறுத்து எழுதுவது நம் ஆண்டுமலருக்குப் புதிதாக இருக்கலாம். ஆயினும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் ஊர்ப் பக்கத்தைப் பற்றிச் சில சொற்கள். கொடைக்கானல் என்றதும் நண்பர்களுக்கு ஏரியும் படகும் குதிரைச் சவாரியும் நினைவுக்கு வரும். அது மலையின் முகப்பூச்சு மட்டுமே. நான் கீழ்மலைக்காரன், தாண்டிக்குடி, பண்ணைக்காடு வட்டாரம். காப்பி, மிளகு, ஆரஞ்சு, பந்தலில் சௌசௌ, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன மலைவாழை இவையே எங்கள் வாழ்வு. பட்டியில் நாலைந்து வெள்ளாடு இருந்தால் அது வீட்டுப் பெண்களின் வங்கிக் கணக்கு. பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டுமென்றால் அந்தக் கணக்கிலிருந்துதான் ஓர் ஆடு சந்தைக்குப் போகும். என் முதலாண்டுக் கட்டணம் அப்படித்தான் வந்தது.

இரவானால் காட்டுப்பன்றி வரும். ஒரு கூட்டம் ஓர் இரவு புகுந்தால் போதும், ஓராண்டு உழைப்பின் வாழை அடியோடு சாய்ந்து கிடக்கும். தின்பதைவிடக் கிளறிப் போடுவதே அதிகம். மேட்டிலிருந்து காட்டுமாடு இறங்கும். அதைத் துரத்தப் போய்க் குத்துப்பட்டவர் உண்டு. சிறுத்தை என்றாவது ஒருநாள் பட்டிக்கு வரும். பட்டிமன்றம் முடிந்து இரண்டு மாதத்தில், ஐப்பசி மழையில், எங்கள் பட்டிக்கே வந்தது. சினை ஆடு ஒன்றைத் தூக்கிப் போனது. அப்பத்தா அன்று முழுதும் சோறு உண்ணவில்லை. “அது வாயில்லாச் சீவன்டா, நம்ம கையாலதானே கட்டிப் போட்டோம்” என்று அழுதாள். என் பட்டிமன்றப் பேச்சு அன்று எனக்கு முற்றிலும் நியாயமாகத் தோன்றியது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எதிரணி நண்பர் ஒருவர் அன்று மேடையில், “காட்டை ஆக்கிரமித்தவர்கள் நீங்கள்தானே?” என்று கேட்டார். அதற்கு இன்றும் என் விடை மாறவில்லை. தாண்டிக்குடிக்கு வாருங்கள், வரலாற்றுக்கு முற்பட்ட மக்கள் தம் இறந்தோருக்கு எழுப்பிய கற்திட்டைகளைக் காட்டுகிறேன். இந்த மலையடிவாரத்தையே சங்கப் புலவர் பொதினி என்றனர். மயிலுக்குப் போர்வை தந்த பேகன் ஆண்ட மண் இது. (அந்த மயிலின் வழித்தோன்றல்கள் இன்று அடிவாரத்து வயல்களில் விதைத்ததைப் பொறுக்கித் தின்கின்றன என்பதைப் பேகன் அறிந்தால் என் செய்வானோ!) மலையில் மனிதன் நேற்று வந்தவனல்லன். மலையின் முகம் மாறியதற்கும் ஏழைக் குடியானவன் மட்டும் பொறுப்பல்லன். மேல்மலையின் புல்வெளிகளில் சீகை, பைன், யூகலிப்டஸ் என்று அயல் மரங்களை நட்டது யார் திட்டம்? பழனிமலையின் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டது என்று 2018இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. மேயப் புல் இல்லாத காட்டுமாடு கொடைக்கானல் நகரின் கடைத்தெருவில் நிற்பதைப் பயணிகள் படமெடுக்கிறார்கள். அது வேடிக்கை காட்ட வந்த மாடு அன்று.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, துப்பாக்கி வேண்டாம் என்று நான் ஏன் சொல்ல வந்தேன்? வரலாற்று மாணவனாகிய நான் வரலாற்றைப் படிக்காமல் மேடையேறினேன் என்பதே உண்மை. கொடுவிலங்கைக் கொன்று குடிகளைக் காப்பது என்ற திட்டம் புதிதன்று. அதை நம் நாட்டில் முழுமூச்சாகச் செய்து பார்த்தாகிவிட்டது.

வெள்ளையர் ஆட்சியில் புலி, சிறுத்தை, ஓநாய், செந்நாய் ஒவ்வொன்றின் தலைக்கும் விலை வைக்கப்பட்டது. தோலையோ தலையையோ வாலையோ கொண்டுவந்து கச்சேரியில் காட்டினால் பணம். 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் மட்டும் 80,000க்கும் மேற்பட்ட புலிகளும், 1,50,000க்கும் மேற்பட்ட சிறுத்தைகளும், 2,00,000 ஓநாய்களும் கொல்லப்பட்டன என்று வரலாற்றறிஞர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். எண்ணிப் பாருங்கள் நண்பர்களே, இது பரிசுக் கணக்கில் ஏறியவற்றின் அடிப்படையில் வந்த எண்ணிக்கை. புண்பட்டுப் புதரில் செத்தவை எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

செந்நாயின் கதை இன்னும் இழிவானது. புலியைக் கொல்வதிலாவது துரைமார்க்கு வீரம் இருந்தது. புலித்தோலின் மேல் காலை வைத்துப் படமெடுத்துக்கொண்டார்கள். செந்நாயை ‘வெர்மின்’ என்றார்கள். எலிக்கும் பெருச்சாளிக்கும் அவர்கள் மொழியில் உள்ள சொல் அது. காரணம் என்ன? செந்நாய் குடிகளின் உயிருக்கு இடையூறு என்பதாலா? இல்லை. செந்நாய் மனிதனைக் கொன்றதாக நம்பத்தக்க பதிவு அரிதினும் அரிது. துரைமார் சுடுவதற்கென வைத்திருந்த கடமானையும் புள்ளிமானையும் அது தின்றுவிடுகிறதே என்ற ஆத்திரம்தான். நீலகிரியில் 1879இல் வேட்டைக்கென ஒரு சட்டமே வந்தது. எந்த மாதத்தில் எந்த மானைச் சுடலாம், யார் சுடலாம் என்றெல்லாம் ஒழுங்கு செய்த அந்த மலையில், வேட்டைச் சங்கத்தார் செந்நாயைக் கொல்பவருக்குப் பரிசு கொடுத்தார்கள். அதாவது மானைக் காத்தது மானுக்காக அன்று, தம் துப்பாக்கிக்காக. ‘வனவிலங்கு மேலாண்மை’ என்று நாம் இன்று மரியாதையோடு சொல்லும் சொல்லின் பூர்வீகம் இதுதான் என்பதை நினைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் மலையிலும் இதன் நிழல் உண்டு. செந்நாய் வால் ஒன்றுக்கு எஸ்டேட் துரை காசு கொடுப்பார் என்று தன் தகப்பனார் சொன்னதாகத் தாத்தா சொல்வார். அடுத்த வாக்கியமாகத் தாத்தா இன்னொன்றும் சொல்வார்: “வாலு வித்த காசுல ஒரு வேட்டி வாங்கலாம்டா. பன்னி தின்ன காட்டுக்கு எத்தனை வேட்டி வாங்குறது?” இதை அவர் தத்துவமாகச் சொல்லவில்லை. அவர் கண்ட கணக்கு அது.

தாத்தாவின் கணக்குக்குச் சான்று வேண்டுவோர் பூட்டான் நாட்டைப் பார்க்கலாம். 1970களிலும் 1980களிலும் அங்கே கால்நடையைக் காக்கவென்று செந்நாய்களுக்கு நஞ்சு வைத்தார்கள். செந்நாய் பெரும்பாலான இடங்களிலிருந்து மறைந்தது. பிறகு மலைவயல்களில் காட்டுப்பன்றியின் தொல்லை பெருகியது. 1990களில் செந்நாய் மெல்லத் திரும்பிவர, பயிரிடுவோரில் சிலர் அதன் வரவை விரும்பினர். ஆடுமாடு வைத்திருப்போர் மீண்டும் அஞ்சினர். பன்றி பெருகியதற்குச் செந்நாய் அழிந்தது ஒன்றே காரணம் என்று நான் சாதிக்க வரவில்லை. காடு மாறினாலும், விளைச்சல் மாறினாலும், ஊரோரம் குப்பை குவிந்தாலும் பன்றி பெருகும். கொடைக்கானல் நகரின் கழிவு எங்கே போய் விழுகிறது என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் பன்றிக் குட்டியைத் தேடித் தின்கிற விலங்கை நாமே கொன்றுவிட்டுப் பன்றி பெருகிவிட்டதே என்று அழுவதில் என்ன பொருள்?

டாஸ்மேனியத் தீவின் கதை இதைவிடக் கொடியது. ஆட்டைக் கொல்கிறது என்று குற்றம் சாட்டி, அங்கிருந்த வரியோநாய்க்கு 1888இல் அரசே விலை வைத்தது. வளர்ந்த விலங்கு ஒன்றுக்கு ஒரு பவுன். 1909 வரை 2,184 முறை பரிசு வழங்கினார்கள். 1936 ஜூலையில் அதைக் காக்கச் சட்டம் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஹோபார்ட் விலங்குக் காட்சிசாலையில் கடைசி விலங்கு செத்தது. சட்டம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. செந்நாயும் காப்பு பெற்றது. உலகம் முழுவதிலும் இனம் பெருக்கத்தக்க நிலையில் உள்ள செந்நாய்கள் 1,000 முதல் 2,200 வரைதான் இருக்கும் என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு மதிப்பீடு. நம் கல்லூரி மாணவர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நான் மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 609 சதுர கிலோமீட்டர். அதற்குள் செந்நாயும் சிறுத்தையும் புலியும் வாழ்கின்றன. ஓரத்தில் நாங்கள் வாழ்கிறோம்.

இனி எதிர்வாதத்தை அதன் வலுவோடு எடுத்துக்கொள்கிறேன். அன்று மேடையில் என் எதிரணியினர் செய்யாத மரியாதை இது. வேட்டை உரிமையைக் கேட்பவர் எல்லாரும் தோல் வியாபாரிகள் அல்லர். மேற்குத் தொடர்ச்சி மலைக்காக அறிக்கை தந்த மாதவ் காட்கில் போன்ற சூழலியல் அறிஞரே, 1972ஆம் ஆண்டுச் சட்டம் மலைமக்களுக்கு அநீதி செய்கிறது, ஊர்மக்கள் கையில் மேலாண்மை வர வேண்டும், அளவோடு வேட்டை அனுமதிக்கலாம் என்று வாதிட்டதுண்டு. கேரளச் சட்டமன்றம் 2025இல், மனிதரைத் தாக்கும் விலங்கை விரைந்து கொல்ல வழிசெய்யும் திருத்த மசோதா ஒன்றை நிறைவேற்றியது. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் சிறுத்தை குழந்தைகளைத் தூக்கிச் சென்ற துயரம் நடந்திருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய் உணவுச்சங்கிலி பற்றி விரிவுரை நடத்துகிறவனுக்கு நெஞ்சில் ஈரமில்லை என்பேன்.

ஆகவே மனித உயிரைக் குடித்த விலங்கை அகற்றியே ஆக வேண்டும். சட்டமும் அதற்கு வழி வைத்திருக்கிறது. மனித உயிருக்கு இடையூறான விலங்கைக் கொல்லவும் தலைமை வனஉயிரினக் காப்பாளர் அனுமதிக்கலாம். ஆனால் எந்தச் சிறுத்தையை? பேராசிரியரின் கேள்வி இங்கேதான் குறுக்கே வந்து நிற்கிறது.

2021இல் நீலகிரி மாவட்டம் மசினகுடிப் பகுதியில் நால்வர் உயிரிழக்கக் காரணம் எனக் கருதப்பட்ட டி-23 என்ற புலியை நினைவுகூருங்கள். கொல்லவும் ஆணை பிறந்தது. சென்னை உயர் நீதிமன்றம், கொல்ல அவசரப்பட வேண்டாம், உயிரோடு பிடிக்க முயலுங்கள் என்றது. அதே காட்டில் வேறு புலிகளும் உலவின. காட்டில் கேமராக்களைப் பொருத்தி, உடல் வரிகளை ஒப்பிட்டு, யானையும் மோப்ப நாயும் டிரோனும் கொண்டு தேடி, மூன்று வாரம் கழித்து, அக்டோபர் 15 அன்றுதான் அதைப் பிடித்தார்கள். இத்தனை பேர், இத்தனை கருவிகள் இருந்தும் ஒரு புலியை இன்ன புலி என்று அறிய இவ்வளவு பாடு! பரண்மேல் நாட்டுத் துப்பாக்கியோடு தூக்கக் கலக்கத்தில் அமர்ந்திருக்கும் என் சித்தப்பா எதை அறிவார்? இருட்டில் இரண்டு கண் மின்னும். சுடுவார். அவ்வளவே.

சுட்டுவிட்டால் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. சிறுத்தை தனக்கென ஓர் எல்லை வைத்து வாழும் விலங்கு. ஒன்று போனால் அந்த இடத்துக்கு இன்னொன்று வரும். வருவது பெரும்பாலும் அலையும் இளசு. அதற்கு ஊரின் ஒழுங்கு தெரியாது. மகாராட்டிரத்தில் ஜுன்னர் வட்டாரத்தில் 2001 முதல் சில ஆண்டுகள் சிறுத்தைகளைப் பெரும் எண்ணிக்கையில் பிடித்து வேறு காடுகளில் விட்டார்கள். மனிதர்மீதான தாக்குதல் குறையவில்லை. பல மடங்கு கூடியது என்று வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் கண்டறிந்தனர். இடம் மாற்றுவதே இப்படி என்றால், கணக்கின்றிச் சுடுவது எப்படி முடியும்?

இதெல்லாம் நூலில் கற்றது. என் மனத்தை மாற்றியது நூலன்று.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் விடியலில் காப்பிக் காட்டின் மேற்சரிவிலிருந்து சீழ்க்கை ஒலி கேட்டது. செந்நாய் நம் தெருநாய் போலக் குரைத்துத் திரிவதில்லை. தன் கூட்டத்தை அழைக்கச் சீழ்க்கை அடிக்கும். வழக்கமாக ஓரிரு முறை கேட்டு ஓய்ந்துவிடும். அன்று ஓயவில்லை. போய்ப் பார்த்தோம். பன்றிக்காக வேலியோரம் வைத்திருந்த கிளட்ச் கம்பிச் சுருக்கில் ஒரு பெட்டைச் செந்நாய். இடுப்பில் மாட்டியிருந்தது. இரவெல்லாம் இழுத்திருக்கிறது, கம்பி தோலைத் தாண்டி உள்ளே போயிருந்தது. மடியில் பால் கட்டியிருந்தது. எங்களைக் கண்டதும் எழ முயன்றது, முடியவில்லை. கம்பியை அறுக்க ஆள் போய்க் குறடு எடுத்து வருவதற்குள் செத்துவிட்டது. மேலே சரிவில் மற்றவை நின்று சீழ்க்கையடித்தபடியே இருந்தன. அப்பால் எங்கோ ஒரு பொந்தில் அதன் குட்டிகள்.

சுருக்கு வைத்தவர் யார் என்பது எங்கள் ஊருக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. வழக்கு வரும் என்ற அச்சத்தில் அன்றே குழி வெட்டிப் புதைத்தோம். மண்வெட்டி பிடித்தவர்களில் நானும் ஒருவன். இதை எழுதுவதால் எனக்கு என்ன வரும் என்று தெரியாது. எழுதாமல் இந்தக் கட்டுரையின் மற்ற வரிகளை எழுத எனக்குத் தகுதியில்லை.

அன்று இரவு எனக்கு முதலாண்டில் தமிழாசிரியர் நடத்திய நற்றிணைப் பாட்டு ஒன்று நினைவுக்கு வந்தது, 119ஆம் பாட்டு. தினையைத் தின்னும் பன்றிக்கென்று புனத்தார் பெரிய கல்லை வைத்துப் பொறி அமைக்கிறார். அதில் வந்து விழுவது பன்றியன்று, வலிய புலி. அப்படிப்பட்ட மலைநாட்டுத் தலைவன் என்று தோழி சொல்கிறாள். அன்று தேர்வுக்காக உள்ளுறை என்ன என்று மனப்பாடம் செய்தேன். இன்று எனக்குத் தோன்றுகிறது, அந்தப் புலவர் உள்ளுறைக்காக இதைக் கற்பனை செய்திருக்க வேண்டியதில்லை. எங்காவது ஒரு புனத்தில் கண்ணால் கண்டிருப்பார். பொறிக்கு இன்னார் இனியார் என்ற பேதமில்லை என்று ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த மலைகளில் அறிந்திருக்கிறார்கள். கல்லுக்குப் பதில் இப்போது கிளட்ச் கம்பி, அவுட்டுக்காய், திருட்டு மின்சாரம் பாயும் வேலி. மின்வேலியில் பன்றியும் சாகும், யானையும் சாகும், தண்ணீர் பாய்ச்சப் போன மனிதனும் சாவான். செய்தித்தாள் படிப்பவர்கள் அறிவார்கள்.

ஆகவே ‘வேட்டை வேண்டுமா வேண்டாமா’ என்று கேட்பதே பிழையான கேள்வி. வேட்டை இன்றும் நடக்கிறது. சட்டத்தில் இல்லாமல், இரவில், கண்ணில்லாத கம்பியால் நடக்கிறது. உழவன் அதை ஆசைக்குச் செய்யவில்லை. அவனுக்கு வேறு வழி திறந்திருக்கவில்லை.

பன்றியைப் பொறுத்தவரை என் கருத்து வேறு என்பதையும் தெளிவாகச் சொல்கிறேன். பன்றி ஓர் ஈற்றில் பல குட்டி போடும். அதன் இனம் அருகிவிடவில்லை. செந்நாய் மட்டும் அதைக் கட்டுப்படுத்திவிடும் என்று நம்ப நான் தயாரில்லை, ஏனெனில் செந்நாய் ஊரோரத்துக்கு வரத் தயங்கும், பன்றி தயங்காது. அதைக் குறைக்க அரசு சுடுவதில் எனக்கு மறுப்பில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முடிவு அறிவித்தது: காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது; 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம்; 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சமவெளி உழவர்க்கு இது ஆறுதல். எங்களுக்கு? என் வீட்டு வாசலில் நின்று எந்தத் திசையில் நடந்தாலும் அரை மணி நேரத்தில் காப்புக்காட்டுக் கல் வந்துவிடும். எங்கள் ஊரில் அந்த மூன்றாவது கிலோமீட்டரே கிடையாது! மலையை அறிந்த ஒருவர் அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்தால் இதைச் சொல்லியிருப்பார்.

என் குறை இதுதான். புலியைக் காப்பது நாட்டின் பெருமை என்கிறோம். 1973 முதல் அதற்கென்று தனித் திட்டமே நடத்துகிறோம். ஆனால் அந்தப் பெருமைக்கான தொகையை நாடு கட்டுவதில்லை; பட்டியில் ஆடு இழந்த அப்பத்தா கட்டுகிறாள். இழப்பீடு உண்டு என்று விதி சொல்கிறது. ஆடு செத்தால் அந்த வாரத்துக்குள் ஆட்டின் சந்தை விலை வீட்டுக்கு வந்து சேரட்டும். சுருக்குக் கம்பி வாங்கும் கை தானே தாழும். கூரையிட்டு வலை அடித்த உறுதியான இரவுப் பட்டிக்கு உதவட்டும். சிறுத்தை புகாத பட்டியில் சிறுத்தையைச் சுட வேண்டிய தேவை என்ன? ஊர்க்குப்பையை ஒழுங்கு செய்தால் தெருநாய் குறையும், தெருநாயைத் தேடி வரும் சிறுத்தையும் குறையும். இவற்றில் எதற்கும் வெடிமருந்து வேண்டாம். மேடையில் கைதட்டலும் கிடைக்காது என்பதை அறிவேன்.

இத்தனை எழுதிய பிறகும் பேராசிரியரின் கேள்விக்கு என்னிடம் நேரான விடை இல்லை. எந்தச் சிறுத்தை எங்கள் சினை ஆட்டைத் தூக்கியது என்று எனக்குத் தெரியாது. அது இன்னும் அதே ஓடைக்கரையில் நடமாடுகிறது, தடம் பார்த்தோம். பட்டிக்கு இப்போது இரட்டைக் கதவு போட்டிருக்கிறோம். மாசி முழுவதும் அது திரும்பி வரவில்லை. கதவுக்கு ஆன செலவு, போன ஆட்டின் விலையில் பாதி.

இழப்பீட்டு மனு கொடுத்து மூன்று முறை நடந்தாயிற்று. முதல் முறை புகைப்படம் இல்லை என்றார்கள். இரண்டாம் முறை புகைப்படத்தில் ஆட்டின் காது தெரியவில்லை என்றார்கள். மூன்றாம் முறை பார்க்க வேண்டியவர் விடுப்பில் இருந்தார். அலுவலகத்தின் பெயர் வேண்டாம். அங்கேயும் நல்லவர்கள் இருக்கிறார்கள், தேநீர் வாங்கிக் கொடுத்தவரும் உண்டு. வரும் திங்கட்கிழமை அப்பாவோடு நான்காவது முறை போகிறேன். முதல் பேருந்தைப் பிடித்தால்தான் உரிய நேரத்துக்குப் போய்ச் சேரலாம். அன்று வகுப்புக்கு வர இயலாது. துறைத் தலைவர் ஐயா பொறுத்தருள வேண்டும்.